யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? படம் எடுத்தா?

படம் எல்லாம் அப்புறம் வந்தது. முதலில் யாரும் வளையத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியதை வைத்துப் பிடித்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆலங்காயம், காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கம். இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த வருஷம், கரண்ட் போன ஒரு குளிர்கால வகுப்பில் ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டான்.

ஹாலின் அந்தக் கோடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த ஆயாவிடம் ஒரு கண்ணாடி வளையல் கேட்டேன். "உடைச்சிடாத தம்பி" என்று கழற்றிக் கொடுத்தார். அதற்குள் ஒரு குட்டி நாச்சிப் பழத்தைத் தீக்குச்சி செருகி நிறுத்தினேன். (நம் நாரத்தைதான் ஆப்பிரிக்கான்ஸில் இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். பழம் என்னவோ கமலா ஆரஞ்சு மாதிரி இருக்கும்.) பையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். நான் பழத்தை அவன் முன்னால் ஒரு கை தூரத்தில் பிடித்து, சுடருக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தினேன். அவன் சொல்லிக்கொண்டே வந்தான்: "போச்சு. வந்துச்சு. போச்சு..." இது பழம், கொஞ்ச நேரம் இருட்டு. "வந்துச்சு. போச்சு. வந்துச்சு."

1977 மார்ச் 10 அன்று நடந்தது அதேதான். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கவிருந்தது. வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர், 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய கைப்பர் விமானத்தில் ஏறி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். நோக்கம் கிரகத்தின் விட்டத்தையும் காற்று மண்டலத்தையும் அளப்பது. வளையம் என்ற நினைப்பே இல்லை. எந்த நேரத்தில் மறைக்கும் என்பது துல்லியமாகத் தெரியாததால் முன்கூட்டியே பதிவைத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் காப்பாற்றியது. கிரகம் மறைப்பதற்கு முன் ஐந்து முறை ஒளி சட்டென இறங்கி ஏறியது. கிரகம் விலகிய பிறகும் ஐந்து முறை.

குட்டி நிலாக்களின் கூட்டமோ என்றுதான் அவர்களுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் மங்கியதோ, அந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே தூரத்தில் மங்கியிருக்கிறது. நிலாக்கள் அப்படி ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நிற்காது.

அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த நட்சத்திரம் மங்கியது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். இதைத் தவறு என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பையன் முதல் "போச்சு"வோடு நிறுத்தியிருந்தால், குறுக்கே வந்தது வளையலா, கொசுவா என்று யாருக்குத் தெரியும்? கேப் டவுனிலும் வளையங்கள் பதிவாயின. இதைச் சொன்னதும் "நம்ம கேப் டவுனா?" என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காவலூருக்கு நிமிர்ந்தது நான் மட்டும்தான்.

பெரும்பாலான வளையங்கள் பத்து கிலோமீட்டர் அகலம்கூடக் கிடையாது. கரி போலக் கறுப்பு வேறு. யுரேனஸ் சூரியனிலிருந்து சுமார் 287 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமியிலிருந்து வெறுமனே உற்றுப் பார்த்து என்ன தெரியும்? 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் கிட்டப் போய்ப் படம் எடுத்தது. இன்று 13 வளையங்கள் கணக்கில் இருக்கின்றன.

நெப்டியூனில்தான் குழப்பம். அங்கும் இதே உத்தியில் தேடினார்கள். பல முறை ஒன்றுமே இல்லை. 1984 ஜூலையில் சிலியில் ஒளி மங்கியது, ஆனால் கிரகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும். அரை வளையம் என்று ஒன்று உண்டா? 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 போய்ப் பார்த்தபோது, முழு வளையமாகவே இருந்தது. ஆனால் சில இடங்களில் மட்டும் தடிமனாகத் திரண்டு, மற்ற இடங்களில் நட்சத்திர ஒளியை மறைக்க முடியாத அளவுக்கு மெலிந்து கிடந்தது.

இதையும் செய்து காட்டலாம் என்று பழத்தைக் கழற்றும்போது வளையல் கை நழுவி விழுந்து, சரிபாதியாக உடைந்தது. பாதியைப் பிடித்து மறுபடி நகர்த்தினேன். "போச்சு. வந்துச்சு. அவ்வளவுதான் அங்கிள்" என்றான் பையன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டஜன் வளையல் வாங்கிக்கொண்டு போனேன்.