ஒரு பொருளோட நிறம் அந்தப் பொருள்ல இருக்கா, வெளிச்சத்துல இருக்கா, இல்ல நம்ம மூளைல இருக்கா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொண்ணும் கேட்டிருக்காரு, கண்ணுக்கு வர்ற வெளிச்சம் எப்படியோ நிறமும் அப்படித்தானே தெரியணும், அப்புறம் ஏன் கேமராவுல ஒரு கலரும் கண்ணுக்கு ஒரு கலருமா இருக்குன்னு. நான் கல்யாண போட்டோ எடுக்கறவன், பதினோரு வருஷம் ஆச்சு, இந்தக் கேள்விதான் என் பொழப்பு.

ஆரம்பத்துல ஒரு ஆல்பம் குடுத்து ரெண்டு நாள்ல பொண்ணோட அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, முகூர்த்தப் புடவை நல்ல அரக்கு கலரு, நாங்க ஏழு கடை ஏறி எடுத்தது, ஆல்பத்துல என்ன இப்படி செங்கல் மாதிரி இருக்கு"ன்னு. அவங்க சொன்னது சரிதான். ஆனா அன்னைக்கு மண்டபத்துல இருந்த மஞ்ச விளக்குக்கு அந்தப் புடவைல இருந்து கேமராவுக்கு வந்த வெளிச்சம் நிஜமாவே செங்கல் கலர்தான், நான்தான் ஒயிட் பேலன்ஸ, அதாவது விளக்கோட கலருக்கு ஏத்த மாதிரி கேமராவ மாத்தற செட்டிங்க, சரி பண்ணாம விட்டுட்டேன். அங்க உக்காந்திருந்த ஐநூறு பேர் கண்ணுக்கும் அதே வெளிச்சம்தான் போச்சு, அவங்க அத்தனை பேரும் அரக்குன்னுதான் பாத்தாங்க. இது எப்படின்னு தேடித்தான் எட்வின் லேண்ட்ங்கற மனுஷன்கிட்ட வந்து நின்னேன்.

அதுக்கு முன்னாடி வெறும் கருப்பு வெள்ளைய மட்டும் எடுத்துப்போம். நல்ல உச்சி வெயில்ல சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள்ள டியூப்லைட்டுக்கு ஒரு முன்னூறு வரும். கருப்பு பேப்பர் தன் மேல விழறதுல 4 சதவீதம் திருப்பி அனுப்புது, வெள்ளை பேப்பர் 85 சதவீதம் அனுப்புதுன்னு வச்சுக்கோங்க. கணக்கு போட்டா வெயில்ல இருக்கற கருப்பு பேப்பர்ல இருந்து வர்ற வெளிச்சம், வீட்டுக்குள்ள இருக்கற வெள்ளை பேப்பர்ல இருந்து வர்றத விட பதினஞ்சு மடங்கு அதிகம். ஆனா வெயில்ல கருப்பு கருப்பாத்தான் தெரியுது, வீட்டுல வெள்ளை வெள்ளையாத்தான் தெரியுது. அப்ப கண்ணு லைட் மீட்டர் வேலை பாக்கலைன்னு இதுலயே புரிஞ்சிடும்.

எட்வின் லேண்ட், அமெரிக்காக்காரர், 1909ல பொறந்தவர், ஹார்வர்ட்ல சேந்து டிகிரி முடிக்காம வெளிய வந்துட்டாரு. 1937ல போலராய்டு கம்பெனிய ஆரம்பிச்சாரு. எடுத்த உடனே போட்டோ கைல வர்ற கேமரா இருக்கே, அது அவரோடதுதான், 1948ல கடைக்கு வந்துச்சு. அந்த உடனடி போட்டோவ கலர்ல கொண்டு வரணும்னு 1950கள்ல கேம்பிரிட்ஜ், மாசச்சூசெட்ஸ்ல அவரோட லேப்ல வேலை நடந்துட்டு இருந்தப்ப, மேக்ஸ்வெல்ங்கற இயற்பியல் விஞ்ஞானி 1861ல காட்டின பழைய சோதனைய திரும்ப பண்ணி பாத்துட்டு இருந்தாங்க. ஒரே காட்சிய சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பில்டர் வழியா மூணு கருப்பு வெள்ளை படமா எடுத்து, மூணு புரொஜெக்டர்ல அதே பில்டர வச்சு ஒண்ணு மேல ஒண்ணு போட்டா முழு கலர் படம் வரும், அதுதான் அந்த சோதனை. ஒரு நாள் வேலை முடிஞ்சு எடுத்து வைக்கறப்ப நீல புரொஜெக்டர அணைச்சாச்சு, பச்சை பில்டரையும் கழட்டியாச்சு, திரைல இப்ப சிவப்பு வெளிச்சமும் சாதா வெள்ளை வெளிச்சமும் மட்டும்தான். பழைய கணக்குப்படி ரோஸ் கலர் சாயல்கள் தவிர வேற எதுவும் தெரியக் கூடாது. ஆனா கூட இருந்த ஒருத்தர், கலர் எல்லாம் அப்படியே இருக்கேன்னு சொல்லியிருக்காரு. லேண்ட், அது கண்ணு பழகிக்கிட்டதுனாலன்னு சொல்லிட்டு வீட்டுக்கு போயிட்டாரு, நடுராத்திரில எந்திரிச்சு உக்காந்து, பழகிக்கிச்சுன்னா எதுக்கு பழகிக்கிச்சுன்னு தோணி திரும்ப லேபுக்கு போனாருன்னு இந்தக் கதைய சொல்லுவாங்க. எனக்கு அந்த ராத்திரி ரொம்பப் பிடிக்கும், ஏன்னா தான் சொன்ன பதில் பதிலே இல்லைன்னு அவருக்கே தோணியிருக்கு பாருங்க.

1959ல இத வெளியிட்டாரு. பழைய கலர் அறிவியல் எல்லாம் போதாதுங்கற தொனில எழுதினதால அந்தத் துறைக்காரங்களுக்கு கோபம் வந்துச்சு, அடுத்த வருஷமே டீன் ஜட்ங்கற கலர் விஞ்ஞானி, இது பக்கத்து நிறத்தால ஒரு நிறம் மாறி தெரியறது, கண்ணு வெளிச்சத்துக்கு பழகறது, இந்த ஏற்கனவே தெரிஞ்ச விஷயங்களாலயே பெரும்பாலும் விளக்கிடலாம்னு எழுதினாரு. என்னோட கருத்துல ஜட் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஆனா லேண்ட் அதோட விடாம, யாரும் தட்டிக்கழிக்க முடியாத ஒரு சோதனைய அடுத்த பத்து வருஷத்துல கட்டினாரு பாருங்க, அதுதான் இந்தப் பதிலோட உயிரே.

பளபளப்பு இல்லாத மாட் பேப்பர்ல சதுரமும் செவ்வகமுமா பல கலர் துண்டுகள் வெட்டி ஒரு பெரிய பலகைல ஒட்டினாரு. டச்சு ஓவியர் மோன்ட்ரியான் படம் மாதிரி இருந்ததால அதுக்கு மோன்ட்ரியான்னே பேரு வந்துடுச்சு. ஏன் வெறும் துண்டுகள்னா, வாழைப்பழம் மஞ்ச, புல்லு பச்சைன்னு ஞாபகத்துல இருந்து யாரும் பதில் சொல்லிடக் கூடாதுன்னுதான். மூணு புரொஜெக்டர் வழியா நீள அலை, நடு அலை, குட்டை அலைன்னு (கிட்டத்தட்ட சிவப்பு, பச்சை, நீலம்) மூணு வெளிச்சம் பலகை மேல விழுது, ஒவ்வொண்ணையும் தனித்தனியா கூட்டி குறைக்கலாம். முதல்ல ஒரு வெள்ளை துண்டுல இருந்து கண்ணுக்கு வர்ற மூணு அளவையும் மீட்டர் வச்சு குறிச்சுக்கறாரு. அப்புறம் மீட்டர பச்சை துண்டு பக்கம் திருப்பி, முன்ன வெள்ளைல வந்த அதே மூணு எண் பச்சைல வர்ற வரைக்கும் புரொஜெக்டர திருகறாரு. இப்ப பச்சை துண்டுல இருந்து வர்றது, கொஞ்ச நேரம் முன்னாடி வெள்ளைல இருந்து வந்த அதே வெளிச்சம். பாக்கறவங்களுக்கு என்னவா தெரியுது? பச்சையாவேதான். மத்த எல்லாத்தையும் மறைச்சுட்டு அந்த ஒரு துண்ட மட்டும் காட்டினாதான் பச்சை போயி வெளுத்த மாதிரி ஆகுது. நான் இத முதல் தடவ படிச்சப்ப புஸ்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், மண்டபத்துல அந்த ஐநூறு பேருக்கு நடந்தது இதேதான்.

எப்படி நடக்குதுங்கறதுக்கு லேண்டும் அவர்கூட வேலை பாத்த ஜான் மெக்கானும் 1971ல ஒரு வழி சொன்னாங்க. விளக்கு வெளிச்சம் பொதுவா ஒரு சுவத்துல மெதுமெதுவாத்தான் குறையும், ஆனா ஒரு பேப்பர் முடிஞ்சு இன்னொரு பேப்பர் ஆரம்பிக்கற ஓரத்துல வெளிச்சம் டக்குன்னு மாறும். அந்த ஓரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழற விளக்கு வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ரெண்டையும் வகுத்தா விளக்கு அடிபட்டு போயி பேப்பரோட தன்மை மட்டும் மிஞ்சும். இப்படி ஓரம் ஓரமா விகிதம் எடுத்து, மெதுவான மாற்றத்த கண்டுக்காம விட்டுட்டு, எல்லாத்தையும் பெருக்கிட்டே போனா எங்கயோ தூரத்துல இருக்கற ரெண்டு துண்டக் கூட ஒப்பிடலாம். மூணு அலைக்கும் தனித்தனியா இத பண்ணி சேத்தா நிறம். இதுக்கு ரெட்டினெக்ஸ்னு பேரு, ரெட்டினா (விழித்திரை), கார்டெக்ஸ் (மூளையோட மேல் அடுக்கு) ரெண்டையும் ஒட்டி லேண்ட் 1964லயே வச்ச பேரு, கணக்கு விழித்திரைல நடக்குதா மூளைலயான்னு தெரியாததால ரெண்டையும் சேத்துட்டாரு.

மூளைக்கு இதுல பங்கு இருக்குன்னு 1983ல தெரிய வந்துச்சு. மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கற நரம்புக் கட்டு ஆபரேஷன்ல வெட்டப்பட்ட ஒருத்தர வச்சு, லேண்டும் டேவிட் ஹூபெல், மார்கரெட் லிவிங்ஸ்டன்ங்கற மூளை ஆராய்ச்சியாளர்களோட குழுவும் சோதிச்சாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு பார்வையோட ஒரு பாதில இருக்கற துண்டோட நிறம் மறு பாதில இருக்கற துண்டுகளால மாறுது, அவருக்கு மாறல. எல்லாமே விழித்திரைலயே முடிஞ்சிருந்தா அவருக்கும் மாறியிருக்கணும்.

ரெட்டினெக்ஸ் கணக்கு அப்படியே சரியான்னா, இல்ல. 1986ல பிரெய்னார்ட், வாண்டெல்ங்கற ரெண்டு பார்வை ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க, சுத்தி இருக்கற பொருட்கள மாத்தினா அந்தக் கணக்கோட விடையும் அளவுக்கு மீறி மாறிடுது, மனுஷக் கண்ணு அவ்ளோ ஏமாறாதுன்னு. ஆனா மோன்ட்ரியான் பலகைல பச்சை பச்சையாவே இருந்தது இருந்ததுதான், அத விளக்காம யாரும் நிறத்தப் பத்தி பேச முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் நிழல் விழுந்த வெள்ளை சுவர் முன்னாடி நின்னு பாருங்க, வெள்ளைதான்னு தோணும். அப்புறம் ஒரு கருப்பு பேப்பர குழலா சுருட்டி ஒரு கண்ணுல வச்சு, இன்னொரு கண்ண மூடிட்டு, அந்த சுவத்துல ஒரு சின்ன இடத்த மட்டும் பாருங்க. மங்கலான சாம்பலா, சில நேரம் லேசா நீலம் கலந்து தெரியும். குழல எடுங்க, சுவர் மறுபடி வெள்ளையாயிடும். நான் இப்பல்லாம் மண்டபத்துல முதல் கிளிக்குக்கு முன்னாடி மணமேடைல ஒரு சாம்பல் அட்டைய புடிச்சு ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கறேன், கேமராவுக்கு அந்த ஒப்பீட்ட நான்தான் பண்ணிக் குடுக்கணும்.