மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து தோல் உரிந்தால் என்ன செய்வது? வராமல் எப்படித் தடுப்பது?

கோலாலம்பூரில் சாயங்கால மழை பிடித்த முதல் சில நிமிடங்கள்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகள் அதைவிட வழுக்கும். பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் போனாலும் இதே கதைதான்.

விழுந்தால் தார்ச்சாலை அரம் போலத் தோலைச் சீவிவிடும். மேல்தோல் மட்டும் போயிருந்தால் எரியும், சீக்கிரம் ஆறும். ஆழமாகப் போனால் நரம்பும் சிதைந்து வலி குறைவாகவே தெரியும். வலிக்கவில்லையே என்று ஏமாறாதீர்கள்.

முதலில் கையைக் கழுவுங்கள். பிறகு ஓடும் சுத்தமான நீரில் காயத்தைப் பொறுமையாகக் கழுவுங்கள். மண் உள்ளே தங்கினால் புண் ஆறியபின் பச்சை குத்தியதுபோல் கறை நிற்கும். காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். காயவிட்டால் சீக்கிரம் ஆறும் என்பார்கள், தவறு. பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத கட்டுப் போட்டு, தினமும் மாற்றுங்கள். முகத்திலோ மூட்டிலோ காயம், உள்ளங்கையைவிடப் பெரிய காயம், எடுக்க வராத கல், சீழ், காய்ச்சல் என்றால் கிளினிக்தான். டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டிவிட்டால், மறுபடி போட வேண்டுமா என்றும் அங்கே கேளுங்கள்.

தடுக்க? கையுறை. விழும்போது கைதான் முதலில் ஊன்றும். அப்புறம் மூடிய காலணி, சிலிப்பர் வேண்டாம். நம்மாட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டுவார்களே, அது காற்றுக்குச் சரி, ஆனால் முதுகு திறந்தே கிடக்கும்.