லேபிளில் எழுத்துகளுக்கு நடுவே படத்தைச் சேர்ப்பது எப்படி?

ஐபோன் செயலி ஒன்றை உருவாக்கிவரும் வாசகர் ஒருவர், 'இருக்கையைத் தேர்ந்தெடுக்க (சிறு படம்) குறியைத் தொடவும்' என்ற வரியை ஒரே லேபிளில் (திரையில் எழுத்தைக் காட்டும் கூறில்) காட்ட விரும்புகிறார். இரண்டு லேபிள்களுக்கு நடுவே படத்தைக் காட்டும் ஓர் இமேஜ் வியூவை வைத்து, கூறுகளை வரிசையாக அடுக்கும் ஸ்டேக் வியூவில் சேர்த்தாராம். சிறிய திரைகளில் வரி மடியும்போது மூன்றும் தனித்தனிக் கட்டங்களாகச் சிதறுகின்றன. இதற்கு வழி என்ன என்று கேட்டிருக்கிறார்.

ஸ்டேக் வியூவுக்குத் தெரிந்தவை செவ்வகங்கள் மட்டுமே. வரியை எங்கே மடிக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே படத்தை ஒரு தனி வியூவாக வைக்காமல், சொற்றொடருக்குள் ஓர் எழுத்தாகவே நுழைத்துவிடுவதுதான் சரியான வழி. இதற்கென ஐஓஎஸ் 7 வெளிவந்த 2013 முதலே என்எஸ்டெக்ஸ்ட்அட்டாச்மென்ட் என்ற நிரல் வகுப்பு (கிளாஸ்) இருக்கிறது. அதில் படத்தை வைத்து, அதிலிருந்து ஓர் அட்ரிபியூட்டெட் ஸ்ட்ரிங்கை (எழுத்துகளோடு அவற்றின் தோற்ற விவரங்களையும் சுமக்கும் சரத்தை) உருவாக்கினால், யூனிகோடில் எஃப்எஃப்எஃப்சி (U+FFFC) என்ற குறியெண் கொண்ட ஒற்றை எழுத்து கிடைக்கும். அந்த எழுத்தின் இடத்தில் படம் வரையப்படும். முழு வாக்கியத்தையும் லேபிளின் அட்ரிபியூட்டெட் டெக்ஸ்ட் பண்புக்குக் கொடுத்துவிட்டால், வரி மடிப்பதை ஐஓஎஸ்ஸே பார்த்துக்கொள்ளும். அதன்பின் டெக்ஸ்ட் பண்பில் எதையாவது எழுதினால் படம் காணாமல் போய்விடும்.

அடுத்து வரும் தொல்லை, படம் எழுத்துகளைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்பது. படத்தின் கீழ்விளிம்பு எழுத்தின் அடிக்கோட்டில் உட்காருவதே இதற்குக் காரணம். எழுத்துருவின் கேப் ஹைட் மதிப்பிலிருந்து படத்தின் உயரத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, அதை அட்டாச்மென்டின் பவுண்ட்ஸில் (படத்தின் இடத்தையும் அளவையும் குறிக்கும் செவ்வகத்தில்) ஒய் மதிப்பாகக் கொடுங்கள். 17 புள்ளி சிஸ்டம் எழுத்துருவின் கேப் ஹைட் ஏறத்தாழ 12. படத்தின் உயரம் 20 என்றால் ஒய் மதிப்பு −4 ஆகும்; அதாவது படம் 4 புள்ளிகள் கீழே இறங்கும். ஆனால் கேப் ஹைட் என்பது ஆங்கிலப் பேரெழுத்தின் உயரம். 'கு', 'மூ' போன்ற எழுத்துகள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால், தமிழ் வரியில் இந்தக் கணக்கை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, கண்ணால் பார்த்து ஓரிரு புள்ளிகள் நகர்த்திக்கொள்வதே நல்லது. ஐஓஎஸ் 13இல் வந்த எஸ்எஃப் சிம்பல்ஸ் என்ற ஆப்பிளின் குறிப்படத் தொகுப்பில் பொருத்தமான குறி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவோடு ஒத்துப்போகும்படி வரையப்பட்ட அவற்றுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

படத்தை எந்த இடத்தில் செருகுவது என்பதில்தான் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இடறுகிறார்கள். 'தமிழ்' என்ற சொல்லை, ஐபோன் செயலிகளை எழுதும் நிரல்மொழியான ஸ்விஃப்ட் 3 எழுத்துகளாக எண்ணும். அட்ரிபியூட்டெட் ஸ்ட்ரிங்கில் இடத்தைக் குறிக்கும் என்எஸ்ரேஞ்ச், யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளை எண்ணுவதால் அதற்கு அச்சொல் 5. ஸ்விஃப்டின் எண்ணிக்கையை அப்படியே அதனிடம் கொடுத்தால் படம் ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் விழுந்து, புள்ளியோ கொக்கியோ தனியே பிரிந்து நிற்கும். எனவே இடத்தை எண்ணாமல், வாக்கியத்தில் ஓர் அடையாளச் சொல்லை எழுதிவைத்து, அதே அலகுகளை எண்ணும் என்எஸ்ஸ்ட்ரிங்கின் தேடல் வழியாக அதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அட்டாச்மென்டை மாற்றி வையுங்கள். மொழிக்கு மொழி சொல்வரிசை மாறினாலும் படம் தன் இடத்திலேயே அமையும் என்பது இதனால் கிடைக்கும் கூடுதல் பயன்.

படம் இணையத்திலிருந்து வருவதானால் பவுண்ட்ஸை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுங்கள். இல்லையெனில் படம் வந்து சேரும் கணத்தில் வரியின் உயரம் துள்ளும். படம் வந்தபின் அட்ரிபியூட்டெட் டெக்ஸ்டை மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள லேபிள் என்றால், படம் வருவதற்குள் அந்த லேபிள் இருக்கும் கட்டம் வேறு வரிசையைக் காட்டப் போய்விடவில்லையா என்பதையும் சரிபாருங்கள். இதையெல்லாம் தவிர்க்க எச்டிஎம்எல் துண்டை நேரடியாக அட்ரிபியூட்டெட் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த மாற்றம் மெயின் த்ரெட்டில் (திரையை இயக்கும் முதன்மை இழையில்) மட்டுமே நடக்க வேண்டியது, மெதுவானதும்கூட என்பதால் பட்டியல்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பயனர் எழுத்தளவைப் பெரிதாக்கினால் படம் தானாக வளராது. எழுத்தளவுக்கேற்ப மதிப்புகளை மாற்றித் தரும் யூஐஃபான்ட்மெட்ரிக்ஸ் கொண்டு உயரத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். திரையை வாசித்துக்காட்டும் வாய்ஸ்ஓவர் வசதியைப் பயன்படுத்துவோருக்காகப் படத்தின் பொருளையும் சேர்த்து, முழு வாக்கியத்தை அக்சசிபிலிட்டி லேபிளாக எழுதுங்கள். வரிக்குள் இருக்கும் அந்தப் படத்தையே தொட்டு இயக்க வேண்டுமென்றால் லேபிள் அதற்கு ஏற்றதன்று. திருத்துவதையும் உருளுவதையும் நிறுத்திய டெக்ஸ்ட் வியூவில், அதே அட்ரிபியூட்டெட் ஸ்ட்ரிங்கில் படத்துக்குரிய எழுத்தின் மீது இணைப்பைச் சேர்த்துக் காட்டுங்கள்.