முதல் முறையாகக் கிறிஸ்துமஸ் விருந்தை வீட்டிலேயே செய்யப் போகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

கிறிஸ்துமஸ் அன்று பன்னிரண்டு பேர் வருகிறார்கள், கேக், விருந்து, பானங்கள் எதையும் கடையில் வாங்காமல் நீங்களே செய்ய ஆசைப்படுகிறீர்கள், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, எதை முதலில் தொடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாக இந்த விருந்தைச் சமைத்து வருகிறேன். என் பதில்: இன்றைக்கே உலர்பழங்களை ஊற வையுங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இந்தப் பண்டிகைச் சமையலில் பெரும்பாலானவை முன்கூட்டியே செய்தால்தான் ருசிக்கும். பழக்கேக்குக்கு வாரங்கள் வேண்டும். இஞ்சி பிஸ்கட் மாவுக்கு ஓர் இரவு வேண்டும். கோழிக்கு உப்போடு ஒரு நாள் வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் 25ஆம் தேதிக்கே வைத்துக்கொண்டேன். காலையில் அடுக்களைக்குள் போனவள், விருந்தினர்கள் செருப்பை மாட்டும்போதுதான் வெளியே வந்தேன். நெடுந்தூரம் பயணம் செய்து வந்த என் அத்தையோடு பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பேசவில்லை. அந்த வருத்தம்தான் என்னை நாள்கணக்குப் போட்டுச் சமைக்க வைத்தது.

கேக்கைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். 20 செ.மீ. வட்டத் தட்டுக்கு 750 கிராம் உலர்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். கருந்திராட்சை, மஞ்சள் திராட்சை, பேரீச்சை, அத்தி, செர்ரி, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல் என எது பிடிக்குமோ அது. பெரிய பழங்களைத் திராட்சை அளவுக்கு நறுக்குங்கள். இல்லாவிட்டால் கேக்கை வெட்டும்போது கத்தி அவற்றை இழுத்து, துண்டு உடைந்துவிடும். 150 மில்லி ரம் அல்லது பிராந்தி ஊற்றி, கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள். நாளுக்கு ஒரு முறை குலுக்கினால் போதும். ஒரு வாரத்தில் பழங்கள் மதுவைக் குடித்து, தோல் பளபளத்துப் பருத்துவிடும்.

கேக் சுடும் நாளில் 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 4 முட்டை, 225 கிராம் மைதா, 50 கிராம் பாதாம் பொடி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் பொடித்து இரண்டு தேக்கரண்டி. முட்டையும் வெண்ணெயும் அறையின் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துபோகும். பழம் அடியில் போய்ச் சேர்வதற்குக் காரணம் மாவு நீர்த்திருப்பதுதான். கரண்டியைச் சாய்த்தாலும் மாவு சட்டென்று விழாமல் தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். அந்தப் பதம் இருந்தால் பழம் நின்ற இடத்தில் நிற்கும்.

சூடு 150 டிகிரி செல்சியஸ், நேரம் இரண்டரை முதல் மூன்று மணி. தட்டின் உள்ளே பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக விரியுங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீர்கள். முதல் ஆண்டு நான் 200இல் வைத்தேன். மேலே கரி, நடுவே களி. ஓவனின் திருகு காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல வீட்டு ஓவன்களில் பதினைந்து, இருபது டிகிரி முன்பின் இருக்கும். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கினால் பல கேக்குகளைக் காப்பாற்றும்.

வெந்துவிட்டதா என்று குச்சி குத்திப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நான் ஒன்று செய்கிறேன். கேக்கை வெளியே எடுத்து, சூடு படாமல் காதை அருகே கொண்டுபோய்க் கேட்கிறேன். வேகாத கேக் பேசும். உள்ளிருக்கும் ஈரம் நுரைத்து, மெல்லிய இரைச்சலாய், தூரத்தில் தூறல் விழுவது போலக் கேட்கும். வெந்துகொண்டே வர அந்த ஒலி அடங்கும். எங்கோ ஒன்றிரண்டு சொடுக்கு மட்டும் மிஞ்சும்போது குச்சியைக் குத்தினால் சுத்தமாக வெளியே வரும். என் அம்மா கற்றுக்கொடுத்தது இது. இன்றும் அந்த நிமிடத்தில் வீட்டில் யாரையும் பேச விடமாட்டேன்.

ஆறியதும் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாரம் ஒரு முறை மேலே குச்சியால் துளையிட்டு, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி ரம் விடுங்கள். கடைசி வாரம் விட வேண்டாம், மேற்பரப்பு உலரட்டும்.

மதுவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “வேகும்போது எல்லாம் ஆவியாகிவிடும்” என்று விருந்தினரிடம் சொல்லாதீர்கள், அது சரியல்ல. அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி, மது கலந்த உணவை 15 நிமிடம் வேகவைத்தால் சுமார் 40 சதவீதமும், இரண்டரை மணி நேரம் வேகவைத்தால் சுமார் 5 சதவீதமும் தங்குகிறது. சுட்ட பிறகு விடும் ரம்மோ அப்படியே இருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள், நம்பிக்கையின் காரணமாக மது தொடாதவர்கள் எல்லோரும் அந்த மேசையில் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு கேக் செய்யுங்கள். உலர்பழத்தை ரம்முக்குப் பதில் சூடான கட்டித் தேயிலைச் சாற்றிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஓர் இரவு ஊறவைத்தால் அருமையாக வரும். இது மாதக்கணக்கில் தாங்காது. பண்டிகைக்கு மூன்று நான்கு நாள் முன்பு சுட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு கேக்கையும் ஒரே மாதிரி அலங்கரித்து, பெயர் எழுதிய சீட்டு வைத்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயோ மார்கரினோ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ஸ்டோலன் என்ற பழரொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால், அந்த நகரம் இருக்கும் சாக்சனிப் பகுதியில் அதை எண்ணெயில் செய்துவந்தார்கள். சுவையில்லை என்று ஆட்சியாளர்கள் ரோமுக்கு முறையிட, 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்துக் கடிதம் அனுப்பினார். போப் வரைக்கும் போய்ப் பெற்ற வெண்ணெயை நாமாக விட்டுக்கொடுக்கலாமா? செலவு இடித்தால் கேக்கின் அளவைக் குறையுங்கள், வெண்ணெயைத் தொடாதீர்கள்.

பிஸ்கட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சி பிஸ்கட் மாவை இரண்டு வாரம் முன்பே பிசைந்து, உருட்டி, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். 24ஆம் தேதி மாலை வெட்டிச் சுடுங்கள். வீடெங்கும் பரவும் அந்த வாசனையே விருந்துக்குப் பாதி அலங்காரம்.

விருந்தின் நடுவே என்ன வைப்பது? பெரிய வான்கோழி கண்ணுக்கு அழகு. ஆனால் மார்பு வெந்து உலர்ந்த பிறகும் தொடை வேகாமல் நிற்கும். முதல் முறை செய்கிறவருக்கு நான் சொல்வது இரண்டு நடுத்தரக் கோழிகள்தான். வான்கோழிதான் வேண்டும் என்றால், உறைந்ததை ஃபிரிட்ஜிலேயே இளக்குங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தால், ஐந்து கிலோப் பறவைக்கு இரண்டரை நாள் வேண்டும். எந்தப் பறவையானாலும் முந்தின நாளே கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோல் காய்ந்து மொறுமொறுப்பாகும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் உணவு வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் வெட்டிவிடாமல் இருபது நிமிடம் விடுங்கள், சாறு பலகையில் ஓடாது. அந்த இருபது நிமிடத்தில் உருளைக்கிழங்கை முடித்துவிடலாம். அதை முன்பே ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வேகவைத்து, வடித்து, பாத்திரத்தோடு நன்றாகக் குலுக்கினால் ஓரங்கள் சொரசொரப்பாகும். பிறகு சூடான எண்ணெயில் புரட்டி ஓவனில் வைத்தால் அந்தச் சொரசொரப்பு முழுவதும் பொரிந்து நிற்கும்.

பானங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காக்டெயிலாகக் கலக்கத் தொடங்கினால் மறுபடியும் நீங்கள் அடுக்களைக்கே போய்விடுவீர்கள். பெரிய பாத்திரத்தில் கலப்பவை இரண்டு மூன்று போதும். மசாலா ஒயினுக்கு முதலில் சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, நட்சத்திர சோம்பு ஆகியவற்றைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாகாக்குங்கள். அதில் சிவப்பு ஒயினை ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது. மது 78 டிகிரியில் கொதித்து ஓடத் தொடங்கும், மசாலா கசக்கும். ஆவி எழும்பினால் போதும், குமிழி எழும்பக் கூடாது. இதே மசாலாப் பாகை ஆப்பிள் சாற்றில் கலந்தால் மது இல்லாதவர்களின் கோப்பையிலும் அதே மணம் எழும். ‘பஞ்ச்’ என்னும் குளிர்ந்த கலவைப் பானத்துக்குக் கரீபியக் கடலிலுள்ள பார்படோஸ் தீவின் பழைய கணக்கு ஒன்று உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரோ பழச்சாறோ நான்கு. மேலே கொஞ்சம் ஜாதிக்காய் துருவுங்கள். ஐஸைச் சிறு கட்டிகளாகப் போடாமல் ஒரு கிண்ணத்தில் பெரிய பாளமாக உறையவைத்துப் போட்டால் மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப்போகாது.

எக்நாக் என்ற முட்டை, பால் கலந்த பானம் செய்ய ஆறு மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் பால், கால் லிட்டர் கிரீம். பச்சை முட்டையில் செய்ய வேண்டாம். மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 80ஐத் தாண்டினால் முட்டை திரியும். முந்தின நாளே செய்து குளிரவையுங்கள். ரம்மை அதில் கலக்காமல் பக்கத்தில் வையுங்கள், வேண்டியவர்கள் தங்கள் கோப்பையில் ஊற்றிக்கொள்ளட்டும்.

கேக் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, மேலே கரி நடுவே களி என்று சொன்னேனே, அந்தக் கேக்கே பதில். கரிந்ததைச் சீவி, வேகாத நடுவை எடுத்தெறிந்து, மிஞ்சிய ஓரத்தைச் சதுரமாக நறுக்கினேன். கண்ணாடி டம்ளர்களில் அடியில் கேக், அதன் மேல் கஸ்டர்ட், அதன் மேல் அடித்த கிரீம், ஆரஞ்சுச் சுளைகள். சிறிய மகள் மூன்று டம்ளர் சாப்பிட்டாள். இப்போது கேக் நன்றாக வந்தாலும், அவளுக்காக நான்கு அங்குல ஓரம் ஒன்றை வெட்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை மேசைக்குக் கொண்டுபோகிறேன்.