ரிப்பன் கிடக்கட்டும், கட்டியைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 46. திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். இரண்டு பிள்ளைகள். ஆடிப்பெருக்கு அன்று குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று கையில் தட்டியது. வலி இல்லை. ஐப்பசியில் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் மார்பகப் புற்றுக்கான பிங்க் முகாம் நடந்தது. பணம் கட்டிப் போனேன். உடம்புச் சூட்டை நிறமாகக் காட்டும் வெப்பப் படம் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். ஆனால் என் அண்ணன் மகன் அனுப்பிய வீடியோவில், இந்த நோயே கம்பெனிக்காரர்களின் வியாபாரம், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்தால்தான் புற்று வரும், ஊசி குத்தினால் பரவும், மலிவான மருந்துகளை மறைக்கிறார்கள் என்கிறார்கள். பிராவும் சென்ட்டும் காரணமா? என் நாத்தனார் நிலத்தை விற்று வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. தர்மம் என்றாலே இப்போது சந்தேகமாக இருக்கிறது. இப்போதைக்கு முள்சீத்தா இலைக் கஷாயமும் வைட்டமின் ஈ மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளாகக் காம்பு உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறது. களை எடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. தை அறுவடை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, தை வரை வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் வீடியோவுக்குப் போய்விட்டது. காம்பு உள்ளே இழுத்திருப்பதைக் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டி வெகு நேரம் போக முடியவில்லை.

சிலருக்குப் பிறந்ததிலிருந்தே காம்பு உள்வாங்கி இருக்கும். அதில் பயமில்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த காம்பு, 46 வயதில், ஒரு பக்கம் மட்டும், புதிதாக உள்ளே போகிறது என்றால் அடியில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. அதே மார்பில் கட்டியும் இருக்கிறது. வலி இல்லை என்பதை நல்ல செய்தி போல எழுதியிருக்கிறீர்கள். மாதவிலக்கை ஒட்டி வலித்து, அப்புறம் அடங்கும் கட்டிகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. வலிக்காமல், கெட்டியாக, நான்கு மாதமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும் கட்டிதான் மருத்துவர்களான எங்களைக் கவலைப்பட வைக்கும்.

இது புற்றுதான் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. ஆனால் உங்கள் கட்டி அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றா என்று ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதிக்கும் ஊசிப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் தெரியும். வெப்பப் படத்தில் தெரியாது.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அக்டோபரில் இப்படி ஒரு முகாமுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். வாசலில் இளஞ்சிவப்பு பலூன் வளைவு, எல்லோருக்கும் டி-ஷர்ட், செல்ஃபி எடுக்க ஒரு பெரிய ரிப்பன். பெண்களைப் படுக்க வைத்துப் பார்க்க மறைவு எங்கே என்று கேட்டேன். இல்லை. சந்தேகமானவர்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அன்று வந்தவர்களில் வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர் நார்மல் என்ற தாளை பத்திரமாக மடித்து வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அந்தத் தாளும் கையில் இருந்தது, அக்குளில் நெறிக்கட்டியும் இருந்தது. அந்தத் தாளை நம்பித்தான் வராமல் இருந்துவிட்டார். நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வெப்பப் படத்தை மேமோகிராமுக்குப் பதிலாக நம்பக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. மாஸ்டர் செக்கப்பில் சேர்த்து விற்கும் சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனையும் கட்டி புற்றா இல்லையா என்று சொல்லாது. ஆரம்பத்தில் இருக்கும் பலருக்கு அது சாதாரணமாகவே வரும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் நார்மலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

மார்பகப் புற்றுக்கு அடையாளமாகிவிட்ட இந்த ரிப்பன் சமாச்சாரத்தின் பிறப்பே ஒரு சண்டையில்தான். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற அம்மாள், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் வெட்டி, ஐந்தைந்தாக அட்டையில் குத்தி விநியோகித்தார். அவருடைய குடும்பத்திலேயே பாட்டி, சகோதரி, மகள் என்று மூன்று பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. அரசு புற்றுநோய்க்கு ஒதுக்கும் பணத்தில் தடுப்புக்கு 5 சதவீதம்தான் போகிறது, அதைக் கேளுங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தார். ஒரு பெண்கள் பத்திரிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டு வந்தபோது, வியாபாரமாக்கிவிடுவீர்கள் என்று மறுத்துவிட்டார். 1992-ல் அவர்கள் நிறத்தை இளஞ்சிவப்பாக மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் எழுப்பிய கேள்வி அட்டையோடு நின்றுபோனது.

மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதம் என்று கொண்டாடும் அக்டோபரும் அப்படித்தான். 1985-ல் அதைத் தொடங்கியதில் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மருந்துப் பிரிவுக்குப் பங்கு உண்டு. மார்பகப் புற்றுக்கான டாமாக்ஸிஃபென் மாத்திரை அவர்களுடையது. வீடியோக்காரர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, எல்லாம் பொய் என்கிறார். நான் அங்கே நிறுத்த மாட்டேன். ஹார்மோனைச் சார்ந்து வளரும் புற்று உள்ள பெண்கள் அதே டாமாக்ஸிஃபெனை ஐந்து வருடம் சாப்பிட்டால், இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இன்றைக்கு அந்த மாத்திரை ஒன்றின் விலை ஒரு டீயின் விலையைத் தாண்டாது. கம்பெனிக்காரன் லாபத்துக்குத்தான் விற்றான். மருந்து கேட்கிறது.

மலிவான மருந்தை மறைக்கிறார்கள் என்கிறாரே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, லிக்னோகேயின். ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் அதைக் கட்டியைச் சுற்றிப் போட்டால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 1,600 பெண்களிடம் ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். அதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. யாரும் மறைக்கவும் இல்லை, உலகப் பத்திரிகையிலேயே வந்தது.

விலையில் கொள்ளை உண்டா என்றால், உண்டு. அதனால்தான் 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. வைத்தியத்திலும் வியாபாரம் புகுந்து கெடுத்தது உண்டு. 1990-களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று பெரும் விலைக்குப் பல்லாயிரம் பெண்களுக்குச் செய்தார்கள். பெரிய பலன் என்று காட்டிய தென்னாப்பிரிக்க மருத்துவரின் ஆய்வு மோசடி என்று 2000-ல் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அவருடைய நோயாளிப் பதிவேடுகளைப் போய்ப் புரட்டிப் பார்த்த மருத்துவர்கள். சந்தேகப்படுவது என்றால் எனக்கு அதுதான். வீட்டில் உட்கார்ந்து முள்சீத்தா கஷாயம் குடிப்பதை நான் சந்தேகம் என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். புற்றைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. நாள்பட எடுத்தால் நரம்பைக் கெடுக்கும் சரக்கும் அதில் இருக்கிறது. மெடிக்கலில் கொடுக்கும் அந்தப் பச்சை வைட்டமின் ஈ மாத்திரையும் கட்டியைக் கரைக்காது. நான்கு மாதத்தைக் கரைத்ததுதான் மிச்சம். பிராவும் சென்ட்டும் காரணமில்லை, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ஊசி குத்தினால் பரவும் என்பது கத்தி பட்டால் பரவும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வதன் புது அவதாரம். முற்றிய பிறகு கத்தியிடம் போனவர்களைப் பார்த்துச் சொன்னது.

மேமோகிராம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எல்லாக் குழப்பமும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களை வரிசையில் நிறுத்தி மேமோகிராம் எடுப்பதில் எத்தனை உயிர் பிழைக்கிறது, எத்தனை பேர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவர்களுக்குள்ளேயே 20 வருடத்துக்கு மேலாக விவாதம் நடக்கிறது. நியாயமான விவாதம். 30 வயதுப் பெண்ணுக்குச் சலுகை விலையில் மேமோகிராம் விற்பதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அந்த விவாதம் முழுக்க ஒன்றும் தென்படாதவர்களைப் பற்றியது. உங்களுக்குத் தென்பட்டுவிட்டது. தென்பட்ட கட்டியைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. அந்தப் படத்தில் சேரும் கதிர்வீச்சு, நாம் சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழு வாரத்தில் நம் மேல் படுகிற அளவுதான்.

முகாம்காரர்களும் வீடியோக்காரரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேருமே உங்கள் மார்பைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பேருமே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது, 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மட்டும் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் பரிசோதனை அது. அதற்குப் பலூன் கட்டுபவர்கள் யாருமில்லை.

இப்போது நீங்கள் எழுதாமல் விட்டது. மருத்துவமனைக்கு உள்ளே போனால் மார்பும் போகும், நிலமும் போகும், கடைசியில் உயிரும் போகும், நாத்தனார் போல. அதுதானே பயம்? நாத்தனார் கட்டி தெரிந்து எத்தனை மாதம் கழித்து மருத்துவமனைக்குப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள். சிறியதாக இருக்கும்போது வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்து, அடுத்தடுத்த குறுவைக்கு நாற்றங்கால் விடுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

மார்பு முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் தொடங்கிய ஆய்வின் 20 வருடக் கணக்கு 2002-ல் வந்துவிட்டது. உங்களுக்குக் காம்பும் இழுத்திருப்பதால் எடுக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம். அதைப் பரிசோதித்துப் பார்ப்பவர் சொல்லட்டும். இன்னும் ஒரு மாதம் தள்ளினால் மார்பைக் காப்பாற்றும் வாய்ப்பு இன்னும் குறுகும்.

பணத்துக்கு: திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். காலையில் அறுவை சிகிச்சைப் பிரிவு ஓ.பி. சீட்டு போடுங்கள். கதிர்வீச்சு வரை தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் வைத்தியம் நிற்காது. தர்மம் என்றாலே சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கியது. அதுவும் தர்மம்தான்.

எங்கே போனாலும் ஏமாறாமல் இருக்க இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிப் பரிசோதனை முடிவு வராமல், கட்டியை முதலில் எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சின்ன இடங்களில் அவசரமாக எடுத்து, எடுத்ததைச் சோதனைக்குக்கூட அனுப்பாமல் விட்டு, அப்புறம் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். நோய் ஆரம்பக் கட்டமென்றால் உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் ஸ்கேன் தேவையில்லை. இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள், நாளைக்கே ஆபரேஷன் என்று விரட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு இன்னொரு மருத்துவரிடம் கேட்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கெட்டுவிடாது. புற்று என்று வந்தால், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்று சோதனைகளும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமல் மருந்து தொடங்கக் கூடாது.

களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் மகன் வீடியோ பார்க்க நேரம் வைத்திருக்கிறாரே, அவரை ஒரு நாள் வயலுக்கு அனுப்புங்கள். மகளை மட்டும் கூட அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். வீட்டில் கேட்டால் நான் போகச் சொன்னதாகச் சொல்லுங்கள். ஊசி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், என்னவாக இருந்தாலும்.