கெட் எங்கே போனார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் வரிசையை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் மூன்றையும் பத்தே நாளில் முடித்தேன். பிறகு நான்காவது நாவலான 'டெஹானு'. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. கடலையும் காற்றையும் ஆண்ட மந்திரவாதி கெட் இதில் ஆடு மேய்க்கிறார், யாரைக் கண்டாலும் ஒளிந்துகொள்கிறார். இரண்டாவது நாவலின் நாயகி டெனார் பாத்திரம் கழுவுகிறாள். பாதி நாவல் அடுப்படியிலேயே போகிறது. கடைசியில் டிராகன் வந்து இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. பெண்ணியம் பேசுவதற்காக லெ குவின் தான் கட்டிய உலகத்தைத் தானே உடைத்துவிட்டார் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மீதி இரண்டையும் படிக்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

இருபத்துநான்கு வயதில் இதே நாவலைப் பாதியில் மூடிவைத்தவன் நான். அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நாவல் வெளிவந்த 1990லேயே இந்தக் கோபம் இருந்தது. மூன்றாவது நாவல் 1972ல் வந்தது. பதினெட்டு வருடம் கழித்து அந்த உலகத்துக்குத் திரும்பிப் போன வாசகர்கள் கப்பலையும் மந்திரத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்தது ஒரு பண்ணை வீடு, ஒரு விதவை, நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு குழந்தை. பலர் மனம் கசந்தார்கள். அதே நாவலுக்குத்தான் அறிவியல்புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருதும் கிடைத்தது.

கெட்டின் சக்தியை நான்காவது நாவல் பறித்துவிட்டது என்கிறீர்கள். அதைப் பறித்தது மூன்றாவது நாவல். செத்தவர்களின் வறண்ட நிலத்தில் திறந்துகிடந்த வாசலை அடைக்கத் தன்னிடம் இருந்த அத்தனையையும் அவர் செலவழித்துவிடுகிறார். அப்போது நாம் கைதட்டினோம். அந்த நாவலின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அவர் என்ன ஆனார் என்பதற்கு அங்கே இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில் அரசனின் முடிசூட்டு விழாவுக்கு வந்துவிட்டுத் தன் படகில் ஏறி மேற்கே போய்விடுகிறார். மற்றது கெட் பிறந்த கோன்ட் தீவில் சொல்லும் கதை. அரசனே தேடி வருகிறான், அவரோ அதற்கு முன்பே மலைக்காட்டுக்குள் போய்விட்டிருக்கிறார். தேட வேண்டாம் என்று அரசன் திரும்பிவிடுகிறான். நான்காவது நாவல் இந்த இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டு போகிறது. காட்டுக்குள் போன அந்த மனிதன் அன்று ராத்திரி எங்கே படுத்தான், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தான் என்று கேட்கிறது. பெரிய வெற்றிகளைப் பாடும் கதைகள் அந்த மறுநாள் காலைக்குப் போவதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். முன்பற்கள் விழுந்து வாசிப்பு நின்றுபோன பிறகும் வாத்தியத்தை உறையோடு பரண்மேல் வைத்திருந்தார். உற்சவத்தில் சாமி புறப்பட்டு மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவார். புறப்பாடு நம் தெருவைத் தாண்டிய பிறகுதான் வீட்டுக்குள் வருவார். அவர் வீட்டு அம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, காபியைச் சூடு பண்ணிக் கொடுப்பார். அரசனின் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கும்போது கெட் மலைமேல் ஆடு மேய்க்க ஓடுகிற அத்தியாயத்தை நாற்பது வயதுக்கு மேல் வாசித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. கெட் கோழை ஆகிவிடவில்லை. ஒரே ஒரு காரியத்தால் தன்னை அறிந்துவைத்திருந்த ஆள் அவர். அந்தக் காரியம் போன பிறகு தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிறார். மிகுபுனைவில் இந்த வெட்கத்தை இவ்வளவு பொறுமையாக எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை.

அடுத்து, பெண்ணியம். முதல் நாவலின் தொடக்கத்திலேயே கோன்ட் தீவின் இரண்டு பழமொழிகள் வருகின்றன. ஒன்று பெண்ணின் மந்திரம் பலவீனமானது என்கிறது, மற்றது அது கெட்டது என்கிறது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒரு பெண்கூடப் படிக்கவில்லை. ஆனால் கெட்டுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது யார்? ஊர் மந்திரக்காரியான அவனுடைய பெரியம்மாதான். இரண்டாவது நாவல் முழுக்க டெனாருடையது. மூன்றாவதில் அவள் ஓர் ஆளாக வருவதே இல்லை. நாம் யாரும் அவளைத் தேடவில்லை, இல்லையா? லெ குவின் தேடியிருக்கிறார். 1992ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், ஆண்களுக்கென்று இருந்த வீரகதை மரபுக்குள் நின்றுதான் முந்தைய நாவல்களை எழுதியதாகச் சொல்லி, 'டெஹானு'வில் பார்வையை ஏன் மாற்றினார் என்று விளக்கினார். அவர் உலகத்தை உடைக்கவில்லை. முதல் நாவலிலேயே இருந்த விரிசலில் விளக்கைக் காட்டினார்.

அடுப்படி என்று சலித்துக்கொண்டீர்கள். அதே அடுப்படியில் நடக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். டெனாரின் மகன் ஸ்பார்க் பல வருடம் கப்பலில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை எடுத்துக் கழுவச் சொல்கிறாள் அம்மா. அது பொம்பளைங்க வேலை என்கிறான். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லோருடைய வேலையும்தான் என்கிறாள் அவள். என் வேலை இல்லை என்று முடித்துவிடுகிறான். பண்ணை சட்டப்படி மகனுக்குச் சொந்தம். அவள் இத்தனை வருடம் உழைத்த வீட்டில் அவளுக்கென்று ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் உலகத்தின் ஆகப் பெரிய மந்திரவாதியாக இருந்தவர் அதே வீட்டில் கூசாமல் பாத்திரம் கழுவுகிறார். டிராகனோடு நடந்த எந்தச் சண்டையும் கெட்டைப் பற்றி எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

சரி, முடிவு. இதில் பாதி உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆஸ்பென் என்ற மந்திரவாதி டெனாரைக் கட்டுப்படுத்தி நாய் மாதிரி தவழவைக்கும் பக்கங்கள் தாங்க முடியாதவை. அவ்வளவு கொடுமைக்குப் பிறகு தீர்ப்பு சட்டென்று வந்துவிடுகிறது. இன்னும் ஐந்தாறு பக்கம் எழுதியிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் டிராகன் தானாக வரவில்லை, டெனார் எடுத்து வளர்க்கும் அந்த நெருப்பில் வெந்த குழந்தை தெர்ரு கூப்பிட்டு வருகிறது. கடைசி அத்தியாயத்தில் கதை டெனாரை விட்டுவிட்டு அந்தக் குழந்தையின் பார்வைக்குள் போவதைக் கவனித்தீர்களா? ஒரு கண்ணும் ஒரு கையும் வெந்துபோன, நாவல் முழுக்க மற்றவர்கள் முகம் சுளித்துப் பார்த்த பிள்ளை அவள். இப்போது அவள் பார்க்கிறாள். யாரும் கற்றுக்கொடுக்காத, டிராகன்கள் பேசும் ஆதிமொழியில் கலெஸ்ஸின் என்ற அந்த டிராகனை அழைக்கிறாள். அவளுக்குக் காயம் ஆறுவதில்லை, முகம் அழகாவதில்லை. இப்போதே போகலாமா என்று டிராகனிடம் கேட்டவள், டெனாராலும் கெட்டாலும் கூட வர முடியாது என்று தெரிந்ததும் அவர்களோடு தங்குகிறாள். அவளுடைய உண்மைப் பெயர் தெரியவரும்போதுதான் நாவலின் தலைப்பு யார் என்று நமக்குப் புரிகிறது.

மீதி இரண்டையும் கட்டாயம் படியுங்கள். 'டெஹானு'வுக்குத் துணைத்தலைப்பே எர்த்சீயின் கடைசி நூல் என்பதுதான். அப்புறம் அவரே அதை மாற்றிக்கொண்டு 2001ல் இரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' சிறுகதைகள்தானே என்று தாண்டிப் போக வேண்டாம். ரோக் பள்ளி எப்படி உருவானது, பெண்கள் அங்கிருந்து எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. கடைசியாக வரும் 'டிராகன்ஃபிளை' கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் படிக்காமல் 'தி அதர் விண்ட்' நாவலைத் திறந்தால் அதில் வரும் இரியன் என்ற பெண் யார், ஏன் வருகிறாள் என்று விளங்காது. மூன்றாவது நாவலில் கெட் தன்னையே கொடுத்து வாசலை அடைத்த அந்த வறண்ட நிலத்துக்கு என்ன ஆகிறது என்பதும் அந்தக் கடைசி நாவலில்தான் வருகிறது. படித்து முடித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.