புதுநன்மை மனப்பாடப் பரீட்சை அல்ல

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 11 வயது. ஆட்டிசம். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். செபங்கள் மனப்பாடம் ஆகவில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் மூன்றாவது தடவையாக 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிறார்கள். பூசையில் கத்திவிடுகிறான், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இவனுக்குப் புதுநன்மை கிடைக்குமா?"

கிடைக்கும். புதுநன்மை, அதாவது பூசையில் இயேசுவின் உடலாகத் தரும் அப்பத்தை (நற்கருணையை) முதல்முறை வாங்குவது, யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டிய சலுகை அல்ல. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 913, குழந்தை தன் அறிவுக்கு எட்டிய அளவில் புரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. விசுவாசப் பிரமாணத்தைத் திக்காமல் ஒப்பிக்கச் சொல்லவில்லை. உயிருக்குப் போராடும் குழந்தை என்றால், இது சாதாரண உணவல்ல என்று தெரிந்து வணக்கத்தோடு வாங்கினாலே போதும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு நற்கருணை போன்ற அருளடையாளங்களை யாரும் மறுக்க முடியாது என்று 2020-இல் வந்த மறைக்கல்வி வழிகாட்டி நேரடியாகவே சொல்லிவிட்டது. 2007-இல் அப்போதைய போப் 16-ஆம் பெனடிக்ட், மனவளர்ச்சி குன்றியவர்கள் குடும்பத்தின் விசுவாசத்திலும் நற்கருணை வாங்குகிறார்கள் என்று எழுதினார். உறுதிபூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெற்றவர்களைப் பற்றியே அவர் பேசியதால், அதையும் சேர்த்தே கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு பூசை முடிந்த நெரிசலில் பங்குத்தந்தையைப் பிடிக்காதீர்கள். வார நாளில் ஒரு சாயங்காலம், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும்போது பேச்சே மாறிவிடும்.

இனி பயிற்சி. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான தடை நாக்குதான். அப்பம் காய்ந்து, மேலண்ணத்தில் ஒட்டும், துப்பிவிடுவார்கள். அப்பம் சுடும் சிஸ்டர்மாரிடம் வெட்டி மீந்த ஓரத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். முதலில் கையில் தொடட்டும், பிறகு உதட்டில், அப்புறம் நகத்தளவு துண்டு நாக்கில். பின்னாலேயே ஒரு மிடறு தண்ணீர். ஒரு மாதம் ஆகலாம், ஆகட்டும். துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது முழு நற்கருணைதான். விழுங்கவே முடியாதவருக்குத் திரு இரத்தம் (பூசையில் அர்ச்சித்த திராட்சை இரசம்) மட்டும் கொடுக்கவும் இடமுண்டு. இதை முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள்.

நற்கருணை சாதாரண உணவல்ல என்று பிரித்தறிவதை எப்படிக் காட்டுவான்? இரண்டு போட்டோ எடுங்கள்: உங்கள் வீட்டுப் புட்டுத் தட்டு, உங்கள் கோயில் பீடத்தில் உயர்த்தப்பட்ட அப்பம். தட்டைக் காட்டும்போது சாப்பிடுவதுபோல் செய்யுங்கள். பீடத்தைக் காட்டும்போது கைகூப்புங்கள். தினமும் இரண்டு நிமிடம் போதும். ஒருநாள் நீங்கள் செய்யாமலே அவன் கைகூப்புவான். மறைக்கல்வி ஆசிரியர் அதை நேரில் பார்க்கட்டும்; அதுதான் அவனுடைய செபம். பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) வாய்ப்பேச்சு கட்டாயமில்லை, சைகை போதும்.

கத்துவதைப் பொறுத்தவரை, முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம்மூர்க் கோயில்களில் சத்தம் கொஞ்சநஞ்சமா! பக்கவாசலை ஒட்டி, பீடம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். கடைசி பெஞ்சில் முதுகுகளைத் தவிர வேறென்ன தெரியும்? பாடகர் குழு இல்லாத வார நாள் காலைப் பூசையில், காணிக்கை நேரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மணிச்சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். மணியை அவன் கையிலேயே கொடுத்தார்கள். எப்போது அடிக்கும் என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. இன்னொரு பிள்ளைக்கு இது பலிக்காமலும் போகலாம்.

திரும்பிப் பார்க்கிறவர்களை மாற்றும் வேலையை, பங்கின் சிறு குடும்பக் குழுவான அன்பியத்திலிருந்து தொடங்குங்கள். இருபது, முப்பது குடும்பங்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். அடுத்த செபக்கூட்டத்தை உங்கள் வீட்டில் வையுங்கள். அவன் கத்தினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று நீங்களே இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். கடைசியில் சுண்டல் தட்டை அவன் கையில் கொடுத்து எல்லாருக்கும் நீட்டச் சொல்லுங்கள். கோயிலில் காணிக்கைப் பை ஏந்தும் வேலைக்கு அங்கேயே ஒத்திகை நடந்துவிடும்.

திருவிழாவுக்குக் கொடியேற்றும் நேரத்தில் மட்டும் அவனைக் கூட்டிப்போக வேண்டாம். வெடிக்கட்டு முடிந்து புகை அடங்கிய பிறகு போனால் போதும்.